வெறும் வயிற்றுக் குளிசை

என் மனைவியின் மருந்தை அவள் குடித்ததைவிட நான் குடித்ததுதான் அதிகமோ என்று இப்போதும் எனக்குச் சந்தேகம். அவளுக்குத் துளிக் கணக்கு. எனக்கு மடக்குக் கணக்கு. வவுணதீவுப் பாலத்துச் சோதனைச் சாவடியில் நின்ற மீசைக்காரர் நினைத்தால் ஒரு மடக்கு. மழை தூறினால் அரை மடக்கு.

அதற்கு முதல் குளிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுனாமிக்கு முந்தின வருசம் அவளுடைய கழுத்தில் வீங்கியிருந்த கழலையைப் பெரிய ஆசுபத்திரியில் வெட்டி எடுத்தார்கள். அதோடு தைரொயிட்டும் போய்விட்டது. அது சுரந்ததற்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் விடிய, வெறும் வயிற்றில், ஒரு குளிசை போட வேண்டும், சாகும்வரைக்கும் நிற்பாட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சின்னஞ்சிறு வெள்ளைக் குளிசை. இதற்கா இவ்வளவு கதை என்று வீட்டுக்கு வந்து இருவரும் சிரித்தோம்.

சிரிப்பு மூன்று மாதம் நிற்கவில்லை. குளிசை போட்டும் அவளுக்கு ஒன்றும் சரிவரவில்லை. இருந்த இடத்தில் தூங்கினாள். சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். குரல் கட்டிப்போனது. வயிற்றில் வந்த பிள்ளை தங்கவில்லை. கழலை வெட்டுவதற்கு முதலும் ஒன்று அப்படித்தான் போனது. டொக்டர் ஒரு குளிசையை ஒன்றரையாக்கினார், பிறகு இரண்டாக்கினார். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள்தான்.

"வெறும் வயித்திலதானே போடுறீங்க?"

"ஓம் ஐயா."

"தேத்தண்ணி?"

"குளிசை போட்டு ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணிய வாயில வைக்கிறல்ல ஐயா."

"வேற சாப்பாடு?"

"பச்சத்தண்ணி மட்டும்தான்."

அவ்வளவும் உண்மை. டொக்டர் கதவடியில் நிற்கும் என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்தவர்கள் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்கு நாக்கு எழும்பாது. இன்றைக்கும் கடையில் மிச்சக் காசு குறைந்தால் கேட்காமல் வந்துவிடுவேன்.

செட்டிபாளையத்தில் எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. கடல் வந்தபோது ஓடினோம். நான் வெறுங்கையோடு ஓடினேன். அவள் மடியில் செருகியிருந்த வெற்றிலைப் பையோடு ஓடினாள். குளிசை டப்பா வீட்டோடு போனது. பக்கத்து வளவுக்காரர்களில் நாலு பேர் போனார்கள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

அதன் பிறகு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், அவளுடைய அக்காவின் வயல் வட்டையோரம் ஒரு கொட்டில் போட்டு இருந்தோம். நான் வாவிக்கரையில் மட்டி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுகிறவன். ஊரெல்லாம் வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். வெள்ளையடிக்கவும் வெற்றிலைக்கும் சுண்ணாம்பு போய்க்கொண்டே இருந்தது. தொழிலுக்குக் குறைவில்லை. அவளுக்குத்தான் சுகமில்லை.

அப்போது மூன்றாம் முறையாக வயிற்றில் பிள்ளை வந்தது. டொக்டர் இந்த முறை என்னையும் உள்ளே கூப்பிட்டு இருத்தினார்.

"முதல் மூண்டு நாலு மாசம் பிள்ளைக்குச் சொந்தமா தைரொயிட் இல்ல. தாயிட்ட இருந்துதான் எடுக்கும். தாயிட்டயும் இல்லாட்டி பிள்ள தங்காது. தங்கினாலும் மூளை வளர்ச்சி குறையும். விளங்குதா?"

விளங்கியது.

ஜெர்மனியில் இருக்கும் அவளுடைய தம்பிக்குச் சேதி போனது. அவன் தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"என்னத்தான், அங்க இன்னும் குளிசையா குடுக்கிறாங்க? இஞ்ச துளி மருந்து இருக்கு. தண்ணி மாதிரி. நேர இரத்தத்துக்குப் போயிரும். நான் அனுப்புறன். ஆனா பிறிட்ச்சுக்க வைக்கோணும், சரியா?"

"ஓம் தம்பி" என்றேன். படுவான்கரையில் எங்கள் பக்கம் மின்சாரமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிணற்றடியில் பானைக்குள் மணல் போட்டு, மணலை நனைத்து, அதற்குள் போத்தலைப் புதைத்து வைத்தேன். ஒரு நாளைக்கு நாலு தரம் மணலுக்குத் தண்ணீர் விடுவதும் என் வேலையானது.

கபில நிறச் சின்னப் போத்தல். டொக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குளிசையை நிற்பாட்டிவிட்டுத் துளியைத் தொடங்கச் சொன்னார். இத்தனை துளி, ஒரு சிரட்டைத் தண்ணீரில் வேண்டாம், ஒரு கரண்டித் தண்ணீரில் என்று சொன்னார். பிறகு ஒன்று சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது.

"ஒவ்வொரு கிளினிக்குக்கும் போத்தலக் கொண்டு வாங்க. எவ்வளவு குறைஞ்சிருக்கெண்டு நான் பாக்கோணும்."

கிளினிக் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். இடையில் பாலம். பாலத்தில் ஆமிச் சாவடி. பெண்களுக்கு வேறு வரிசை, மறைப்புக்குள் வேறு சோதனை. பைகள் ஆண்களோடு வரும். அதனால் போத்தல் என்னோடு வந்தது.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று மீசைக்காரர் கேட்டார்.

"பெஹெத்" என்றேன். மருந்து என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்.

அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். ஆட்டினார். மணந்து பார்த்தார். எழுத்து ஜெர்மன். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"பீலா பென்னன்ன."

குடித்துக் காட்டு. தண்ணீர்ப் போத்தலென்றாலும் எண்ணெய்ப் போத்தலென்றாலும் அங்கே அதுதான் சட்டம். நோய் எனக்கில்லை, மருந்து மனைவியுடையது என்று சொல்ல வேண்டும். கர்ப்பிணியின் மருந்து, துளித்துளியாகக் கணக்கு என்று சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். நான் மூடியைத் திறந்து இரண்டு துளி நாக்கில் விட்டேன்.

"மதி, மதி" என்றார். போதாதாம்.

குடித்தேன். திரும்பி வரும்போது காலையில் பார்த்த அதே மனுசன், அதே போத்தல், அதே கேள்வி. திரும்பவும் குடித்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. மருந்தாலா பயத்தாலா என்று இன்றைக்கும் தெரியாது.

இரண்டாவது கிளினிக்கில் டொக்டர் போத்தலைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"கூடுதலாக் குடிக்கிறீங்களா?"

"ஐயோ இல்ல ஐயா! எண்ணி எண்ணித்தான் விடுறன்."

"அப்ப எப்பிடி இவ்வளவு குறைஞ்சது? அளவுக்கு மிஞ்சினாலும் பிள்ளைக்குக் கூடாது. மறைக்காமச் சொல்லுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"அவர்தான் குடிக்கிறார் ஐயா" என்றாள்.

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவர் ஏன் குடிக்கிறார்?"

"பாலத்தில குடிக்கச் சொல்றாங்களாம். வேணாமெண்டு சொல்ல அவருக்கு வெக்கமாம்."

டொக்டர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பக்கத்தில் நின்ற நேர்ஸ் மிசி பாடுபடவில்லை. மருந்து இன்னது, இன்னாருக்கு உரியது என்று மூன்று பாசையிலும் ஒரு துண்டு எழுதிச் சீல் குத்தித் தந்தார்கள். அன்று பாலத்தில் துண்டை நீட்டினேன். மீசைக்காரர் முழுவதையும் நிதானமாக வாசித்தார். தலையாட்டினார். துண்டை மடித்துத் தந்தார்.

"ஹரி," சரி என்றார். "பீலா பென்னன்ன."

எரிச்சலில் அன்றைக்கு நானே ஒரு பெரிய மடக்குக் குடித்துவிட்டேன்.

ஆனால் துளி வேலை செய்தது. இரத்தப் பரிசோதனை முதல் முறையாகச் சரியாக வந்தது. அவள் போர்வையை எறிந்தாள். குரல் திரும்பியது. திரும்பிய குரலால் முதலில் என்னைத்தான் ஏசினாள். நாலு மாதம் தாண்டிப் பிள்ளை தங்கியது.

பிறகு சண்டை தொடங்கியது. படுவான்கரை முழுவதும் செல் விழ, கையில் பட்டதோடு பாலத்தைத் தாண்டி வந்தோம். அன்றைக்குப் போத்தலை ஒருவரும் கேட்கவில்லை. போத்தலும் முடிந்துவிட்டது. தம்பி அனுப்பும் போத்தலைக் கொண்டுவந்து தருகிறவருக்கு வரப் பாதை இல்லை. களுதாவளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பறைக்கு ஆறு குடும்பம் என்று இருந்தோம். கிளினிக்கில் திரும்பவும் பழைய வெள்ளைக் குளிசை தந்தார்கள். அவள் ஒழுங்காகப் போட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு இரத்தம் எடுத்தால் திரும்பவும் பிழை. அவள் திரும்பவும் இருந்த இடத்தில் தூங்கத் தொடங்கினாள். வயிற்றில் ஆறு மாதம்.

ஒரு நாள் விடிய, முகாமுக்கு வரும் மிட்வைவ் மிசி கர்ப்பிணிகளுக்குப் புதுக் குளிசை கொண்டுவந்தா.

"இது கல்சியம். மத்தியானம் சாப்பிட்டுப் போடுங்க. விடியப் போடுற தைரொயிட் குளிசையோட சேத்துப் போட்டுராதீங்க. அதை இது இரத்தத்தில சேர விடாது. நாலு மணித்தியாலமாவது இடைவெளி வேணும்."

"என்ன மிசி, குளிசையும் குளிசையும் சண்டை பிடிக்குமா?" என்று என் மனைவி கேட்டாள்.

"பிடிக்கும். இதில இருக்கிறது சுண்ணாம்புதானே. உங்கட அவர் சுடுறாரே, அந்தச் சாமான்தான்."

அவள் சிரித்தாள். வாய் சிவப்பாக இருந்தது.

நான் அந்த வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குளிசை போட்டுப் பத்து நிமிசம் ஆகியிருக்காது. குளிசையின் ருசி நாக்கில் நிற்கிறதென்று, விழுங்கின கையோடு வெற்றிலை போடுவாள். சுண்ணாம்பை விரலில் வழித்துத் தனியாகவும் நக்குவாள். முதல் நாளிலிருந்து அப்படித்தான். துளி குடித்த காலத்திலும் அப்படித்தான். அவளுக்கென்று நைசாக நீற்றி, டப்பாவில் போட்டுக் கொடுக்கிறவன் நான்.

மிசி அடுத்த பெண்ணிடம் போய்விட்டா. வகுப்பறையில் முப்பது பேர் இருந்தார்கள். பிள்ளையின் தலையில் என்ன வளர்கிறது, என்ன வளராமல் நிற்கிறது என்று நினைத்தேன்.

"மிசி" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இவ குளிசை போட்ட உடன வெத்தில போடுறவ. சுண்ணாம்பு கூடப் போட்டு."

எல்லாரும் திரும்பினார்கள்.

"வெத்தில என்ன சாப்பாடா?" என்றாள் மனைவி. "கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் வெத்தில போட்டுத்தான் விரதம் இருந்தன். சாமியே ஒண்டும் சொல்லல்ல!"

"எவ்வளவு காலமா இப்பிடி?" என்று மிசி கேட்டா.

"கழலை வெட்டின நாளில இருந்து."

"டொக்டரிட்டச் சொல்லல்லயா?"

"அவர் தேத்தண்ணி கேட்டார், சாப்பாடு கேட்டார். வெத்தில எண்டு கேக்கல்லயே கா!"

மிசி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா. "நீங்களாவது முன்னமே வாய் திறந்திருக்கலாமே" என்றா.



அன்றிரவு மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "டொக்டரிட்ட வாய் திறக்கல்ல. பாலத்தில குடிக்க மட்டும் திறந்தீங்க. ஊரே கூடி நிக்கிற இடத்தில மட்டும் எங்க இருந்து வந்தது அந்த வாய்?"

விடிய ஆறு மணிக்குக் குளிசை, பத்து மணிக்குத்தான் வெற்றிலை என்றானது. அந்த நாலு மணித்தியாலமும் அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் போக முடியாது. ஆனால் அடுத்த மாதம் இரத்தம் சரியாக வந்தது. குளிசையில்தான். இரண்டு குளிசையை ஒன்றாகக் குறைத்தார்கள். அப்படியானால் பாலத்தில் நான் குடித்ததெல்லாம் வீணா என்று டொக்டரிடம் கேட்டேன். ஓம், நானே கேட்டேன். துளி மருந்து கரைந்தே வருவதால் சுண்ணாம்புக்குக் கொஞ்சம் தப்பியிருக்கும், முக்கியமான மாதங்களைத் தாண்டினது அதனால்தான் என்றார். தம்பியிடம் வெற்றிலைக் கதையை நாங்கள் சொல்லவே இல்லை. தன் துளிதான் அக்காவைச் சுகமாக்கினது என்று அவன் இன்றைக்கும் ஆட்களிடம் சொல்கிறான்.

மகள் பிறந்தாள். பயமும் கூடவே பிறந்தது. கூடத் தூங்கினால் பயம். குறைய அழுதால் பயம். ஐந்தாவது மாதத்துக்கும் ஏழாவது மாதத்துக்கும் நடுவில் விட்டுப்போன அந்த ஒரு மாதத்தை நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு சொல் பேசினால் நான் மகளின் வாயைப் பார்ப்பேன்.

யுத்தம் முடிந்த கிழமை. பட்டணத்துப் பக்கம் கொண்டாட்ட வெடி கேட்டுக்கொண்டிருந்தது. செட்டிபாளையத்தில் எங்களுக்குக் கிடைத்த புது வீட்டுக்கு, பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்க அதே மிசி வந்தா. மகளுக்கு இரண்டு வயது நெருங்கியிருந்தது.

"மூக்கு எங்க?" என்று கதிரையில் உட்கார்ந்தபடி மிசி கேட்டா. மகள் நிலத்தைப் பார்த்தாள்.

"பேர் என்ன?" பதில் இல்லை. படத்தைக் காட்டினா. பந்தைக் கொடுத்தா. மகள் என் காலுக்குப் பின்னால் போய் என் சாரத்தில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"வீட்டில ஓயாமக் கதைப்பாள் மிசி!" மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. "விடிஞ்சா பொழுதுபட்டா இதே கதைதான். சொல்லு மகள், மூக்கு எங்க? ஒருக்காச் சொல்லன் பிள்ள!"

மகள் சாரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மிசி கொப்பியில் ஏதோ எழுதினா. நீளமாக எழுதினா. எனக்கு அந்தக் கொப்பியைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது.

"அடுத்த மாசம் திரும்பப் பாப்பம்" என்று சொல்லிவிட்டு மிசி எழும்பி, கதவடியில் தொங்கிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினா.

மகள் என் சாரத்தை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"மிசி! அது எங்கட குடை! உங்கட கதிரைக்குக் கீழ!"

மிசி திரும்பி வந்து, குடையை மாற்றி எடுத்தா. பிறகு படியிலேயே குந்தியிருந்து, கொப்பியைத் திறந்து, எழுதினதைக் கோடு கீறி வெட்டினா.