எலும்புக்குள் ஊத்து

சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் என் பொண்டாட்டிக்குப் பிரசவம். பிள்ளை நல்லாயிருந்தது. தாய்க்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. பேச்சில்லாமல் மூச்சு வாங்கிக் கிடந்தாள். ரத்தம் ஏற்றினால்தான் பிழைப்பாள், உம்ம ரத்தம் சேரும் என்றார் டாக்டர்.

அங்கே ஒரு நர்சம்மா. குட்டை உடம்பு, நரைத்த கொண்டை, பெரிய கண்ணாடி. யாரிடம் பேசினாலும் முதலில் அவர் கீழ் இமையை இழுத்து, ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேசும். என் இமையையும் இழுத்தது.

ரத்தம் கொடுத்தவன் வத்திப்போவான் என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். "குடுத்த ரத்தம் திரும்ப வருமா? நான் ஏர் பிடிக்கணும்லா" என்று நர்சம்மாவிடம் கேட்டேன்.

"எலும்புக்குள்ள ஊத்து இருக்கு தம்பி. இறைச்சா ஊறும். மூச்சுக்காத்த உடம்பெல்லாம் சுமக்கிறது ரத்தந்தான். அது கொறஞ்சுதான் உன் பொண்டாட்டி இப்படி மூச்சு வாங்குதா."

கையை நீட்டினேன்.

என் ரத்தம் அவளுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, மச்சினன் பனவடலிசத்திரத்திலிருந்து வந்து சேர்ந்தான். தூக்குச்சட்டி நிறைய ஆட்டு ரத்தப் பொரியல்.

"அத்தான், போன ரத்தத்துக்கு இது சரியாப் போயிரும்."

"ஏலே, ஆட்டு ரத்தம் அப்படியே உள்ள ஓடுனா உங்க அத்தான் நாளைக்கு மேய்ச்சலுக்குல்லா போயிருவாரு!" என்றது நர்சம்மா. "இதுல உள்ள சத்தை வச்சு எலும்புதான் புது ரத்தம் செய்யணும். திங்கச் சொல்லு."

வார்டே சிரித்தது. அந்தச் சத்தத்தில் என் பொண்டாட்டி கண் திறந்தாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டுனியளா?" என்று என்னைக் கேட்டாள்.

நர்சம்மா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தது. அது எதற்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நல்லாயிருந்தது.