மாமாவின் சட்டையில் அம்மா

மாமாவின் சட்டையில் அம்மாவின் முகம் இருந்தது. வெள்ளைப் பனியன் துணியில் அச்சடித்த முகம். ஓடி வந்த வேர்வையில் துணி நெஞ்சோடு ஒட்டிக்கிடந்ததால் அம்மாவின் ஒரு கன்னம் மடங்கி, ஒரு கண் சுருங்கித் தெரிந்தது. முகத்துக்கு மேலே ‘அக்காவுக்காக’ என்று எழுதியிருந்தது. அந்த அக்கா, சீவலப்பேரிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், வலது காலில் கட்டோடும் மடியில் மோர்ச் செம்போடும் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. தாயில்லாத பிள்ளையை வளர்த்தது அம்மாதான். அவர் படித்த பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது; அப்போது பாலம் கிடையாது. தண்ணீர் கூடுதலாக வரும் நாட்களில் அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடந்து, பள்ளி விடும்வரை அந்தக் கரை வயல்களிலேயே களையெடுத்திருந்து, திரும்பத் தூக்கி வருவாளாம். “அவன் கால்ல ஒரு நாளும் ஈரம் பட்டதில்ல” என்று அவள் சொல்லும்போது குரலில் தெரிகிற பெருமிதம், என்னைப் பற்றிப் பேசுகையில் ஒருபோதும் தெரிந்ததில்லை. மாமா படித்தார், பெங்களூரில் பெரிய வேலைக்குப் போனார். நாற்பது வயதுக்கு மேல் உடம்பைப் பேணவென்று ஓட ஆரம்பித்தவர், சர்க்கரை நோயுள்ள ஏழைப் பிள்ளைகளின் மருந்துக்கு நிதி திரட்டும் ஒரு குழுவில் சேர்ந்தார். யாருக்காக ஓடுகிறீர்கள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அக்காவுக்காக என்று சொல்லியிருக்கிறார். அதன்பிறகு ஊர் ஊராக அம்மாவின் முகம் ஓடியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் காட்டுவார்கள். “எம்மூஞ்சி எங்கெல்லாம் போவுது பாத்தியாட்டி” என்று சிரிப்பாள். அவர் நேரில் வந்து இரண்டு தீபாவளி கடந்திருந்தது. அதை அவள் சொல்லமாட்டாள்.

அந்த வருடம் மாரத்தான் திருநெல்வேலியில் நடப்பதாகவும், ஓட்டக்காரர்கள் எங்கள் ஊர்ப் பாலம்வரை வந்து திரும்புவதாகவும் ஏற்பாடாகியிருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அம்மாவுக்குக் காலில் புண் வந்தது. செருப்பு வார் அறுத்த சின்னக் காயம். பல வருடச் சர்க்கரையில் உணர்ச்சி மரத்துப்போன காலில் அது வலிக்கவே இல்லை. நாற்றம் வந்த பிறகுதான் நான் பார்த்தேன். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. பாளையங்கோட்டையில் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: “ரெண்டு விரல எடுத்துட்டா காலக் காப்பாத்திரலாம்மா. தள்ளிப்போடாதீங்க.”

அம்மா மாமாவுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். “இப்ப பயிற்சிய விட்டுட்டு வரமுடியாதுக்கா. ஓட்டத்துக்கு அங்கதான வாரேன். அப்ப கூட இருந்து எல்லாம் பாத்துக்கிடுதேன்” என்றார். புண்ணைப் பற்றி அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் பேச்சோடு அம்மா முடிவெடுத்துவிட்டாள். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், சோறு தின்னாமல் கிடந்தேன். “தம்பி வரட்டும்ட்டி. அவன் கையப் புடிச்சிக்கிட்டுப் போயிருவேன். எனக்குப் பயமா இருக்குல்லா” என்றாள். அவள் பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கையும் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

ஓட்டத்தன்று நல்ல சேலை கட்டிக்கொண்டாள். ஆட்டோவில் பாலத்தடிக்குக் கூட்டிப்போனேன். யார் யாரோ வந்து, திரும்பி, போனார்கள். வெயில் ஏறியபிறகு மாமா வந்தார். அம்மா செம்பைத் தூக்கிப் பிடித்தாள். அவர் பார்த்தார். கையை உயர்த்தினார், தன் நெஞ்சிலிருந்த படத்தைத் தொட்டுக் காட்டினார். பைக்கில் பின்னாலேயே வந்த ஒருவர் அதைப் படம் பிடித்தார். “சாயந்திரம் வாரேன்க்கா” என்ற குரல் எங்களை வந்தடைந்தபோது அவர் முதுகுதான் தெரிந்தது. நான் கத்திக் கூப்பிடப்போனேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். “ஓடுதவன நிறுத்தப்பிடாது. நின்னா காலு புடிச்சிக்கிடும்.” அந்த மோரை அவளே குடித்தாள்.

சாயங்காலம் சாளை மீன் குழம்பு வைத்து, கட்டுப்போட்ட காலை நீட்டி வாசலைப் பார்த்தபடி இருந்தாள். தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து போன் வந்தது. பாராட்டு விழா நீண்டுவிட்டதாம், விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம். “சரிப்பா, சாப்டியா?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் மருத்துவமனைக்குப் போனபோது விரல்களோடு நிற்கும் கட்டம் கடந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு யார் படம் எடுக்க வந்தாலும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். அடுத்த மழைக்காலம் வரை இருந்தாள். சாவுக்கு மாமா வந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகை பொய் என்று என்னால் சொல்லமுடியவில்லை. சொல்ல முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

இப்போது எனக்கும் சர்க்கரை இருக்கிறது. மாதந்தோறும் மாத்திரை வாங்கப் போகும் இடத்தில்தான் மாமாவின் குழு பிள்ளைகளுக்கு இன்சுலின் கொடுக்கிறது. ராதாபுரத்திலிருந்து ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். பிள்ளைக்கு ஏழெட்டு வயதிருக்கும். ஊசியைத் தானே போட்டுக்கொள்ளப் பழகியிருந்தது. “யாரோ ஒரு அண்ணாச்சி அவுக அக்காவுக்காக ஓடுதாகளாம். அந்த அக்கா குடுத்து வச்சவுக” என்றாள் ஒருநாள். நான் ஆமாம் என்றேன்.

சென்ற மாதம் மாமா கூப்பிட்டார். பேச்சுக்கு நடுவே மூச்சு இரைத்தது. பயிற்சியில் இருந்தார்.

“கால் எடுத்த பெறகு அக்காவ எடுத்த போட்டோ எதாவது வச்சிருக்கியாம்மா? அதப் பாத்தா ஜனங்க இன்னும் குடுப்பாங்க.”

“இல்ல மாமா.”

“ஒண்ணுகூடவா? எடுத்து வச்சிருக்கலாம்ல.”

“அம்மா யாரையும் எடுக்க விடல. நீங்க வந்து கேட்டிருந்தா விட்டிருப்பா.”

அவர் கால்கள் தரையில் விழும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. “சரிம்மா, இன்னும் கொஞ்ச தூரம் பாக்கி இருக்கு” என்று வைத்துவிட்டார்.

இந்த மாதமும் அந்தப் பிள்ளைக்கு மருந்து வந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு அவள் தாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.