கிடாய் சிலுப்ப வேண்டும்

எங்கள் குலதெய்வத்திடம் எதைக் கேட்பதாக இருந்தாலும் ஆட்டின் வழியாகத்தான் கேட்க வேண்டும். கோயில் வாசலில் கிடாயை நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி சம்மதித்துவிட்டது. உதறாவிட்டால் இல்லை. ஈரம் பட்டால் எந்த ஆடும் உதறத்தானே செய்யும் என்று நினைப்பவர்கள், சித்திரை வெயிலில் ஒரு முறை வந்து நின்று பார்க்கட்டும். சில கிடாய்கள், குளிப்பாட்டிவிட்டது சுகம் என்பதுபோல அசையாமல் நிற்கும்.

நான் பள்ளியில் படித்தபோது, அப்பா திருச்செங்கோட்டில் கூட்டாளிகளோடு சேர்ந்து போர்வெல் ரிக் வண்டி எடுக்க இருந்தார். உத்தரவு கேட்கப் போனோம். மத்தியானம் வரை கிடாய் சிலுப்பவில்லை. எனக்கோ பசி.

"காதுல கொஞ்சம் தண்ணி உட்டா சிலுப்பீருமுங்கப்பா" என்றேன். ஆடு மேய்க்கும் யாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

அதுவரை அப்பா என்னை அடித்ததில்லை. அன்று கன்னத்தில் விழுந்தது. "சாமியவே ஏமாத்தச் சொல்றியா? ஏமாத்துனா அது உசுரக் கேட்டுரும்" என்றார். கிடாயை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். ரிக் வண்டி ஆசையை அவர் அத்தோடு விட்டார். கூட்டாளிகள் வண்டி எடுத்து, வீடு கட்டி, கார் வாங்கியதையெல்லாம் பார்த்துக்கொண்டே மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சினார்.

கல்லூரிக்குப் போனதும் எனக்கு வாய் நீண்டுவிட்டது. "உங்க தலையெழுத்த ஆடுதான் எழுதுதுங்களா?" என்று அவரையே கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொள்வார்.

சென்ற ஆண்டு என் மகளுக்கு இதயத்தில் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று கோயம்புத்தூரில் சொன்னார்கள். எங்களுக்கு ஒரே பெண். மாடிப்படி ஏறினாலே உதடு நீலமாகிவிடும். தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றும் அவரே சொன்னார். அன்று பிடித்த பயம். அவள் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். என் மனைவியும் அதையே செய்கிறாள் என்பது ஒரு நாள் எங்கள் கைகள் இடித்துக்கொண்டபோதுதான் தெரிந்தது.

"சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுரலாஞ் சாமி" என்றார் அப்பா. என்னையும் அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார். ஆடு என்ன சொன்னாலும் ஆபரேஷன் நடக்கும் என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்பினேன்.

நல்ல மேச்சேரிக் கிடாய். தண்ணீர் ஊற்றினார்கள், நின்றது. மறுபடி ஊற்றினார்கள், அசைபோட்டது. "ஏம்மா, சிலுப்பலீனா எனக்கு ஆபரேஷன் இல்லயா?" என்று மகள் என் மனைவியிடம் கேட்டாள். சந்தோஷமாகக் கேட்டாள். இதையெல்லாம் நம்பாத நான் அந்த ஆட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு, சிலுப்பு, சிலுப்பு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

பூசாரி கற்பூரம் காட்டினார். எல்லோரும் சாமியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். என்னால் மட்டும் கிடாயை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அதனால்தான் பார்த்தேன். அதன் கழுத்தைப் பிடித்திருந்த அப்பா, துண்டால் முகத்தைத் துடைப்பதுபோலக் குனிந்து, உள்ளங்கைத் தண்ணீரை அதன் காதுக்குள் சாய்த்தார். கிடாய் தலையிலிருந்து வால் வரை சிலுப்பி உதறியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

எனக்கு நிம்மதி வரவில்லை. ஒரு ரிக் வண்டியையே விட்டுக்கொடுத்த மனிதர் இப்படிச் செய்கிறார் என்றால், எவ்வளவு பயந்துபோயிருக்க வேண்டும்? என் பயம் இரண்டு மடங்கானது.

பந்தியில் அப்பா கறியைத் தொடவில்லை, ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். கை கழுவும் இடத்தில் பக்கத்தில் போய் நின்று, "ஏனுங்கப்பா இப்படிப் பண்ணுனீங்க?" என்றேன்.

நான் பார்த்துவிட்டதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. "புள்ளைக்கு நல்லாவோணுமே சாமி. அது உசுரக் கேக்கறதுன்னா எங்கிட்டக் கேட்டுக்கட்டும். சொல்லீட்டுத்தான் தண்ணிய உட்டேன்" என்றார்.

மகள் பிழைத்துக்கொண்டாள். இப்போது மாடிப்படியைத் தாவித் தாவி ஏறுகிறாள். அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் ஊரில் தங்கும் இரவுகளில் அவர் இருமினால் நான் எழுந்துவிடுகிறேன். போனை எடுக்கவில்லை என்றால், நான் குடியிருக்கும் சேலத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடுகிறேன். "வேல வெட்டி இல்லயா உனக்கு?" என்று திட்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறேன்.

இந்த ஆண்டு திருவிழாவில் அப்பா கோயில் வாசலோடு நின்றுகொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன். சாமியிடம் பேசி எனக்குப் பழக்கமில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. பிறகு சொல்லிவிட்டேன். அவரை விட்டுவிடு, கேட்பதாக இருந்தால் என்னிடம் கேள்.

வெளியே வந்ததும் அப்பா என் முகத்தையே பார்த்தார். "என்ன சாமி கேட்ட?"

"ஒண்ணுமில்லீங்கப்பா."

அவர் நம்பவில்லை. என்னை விலக்கிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். நான் சொன்னதை மாற்றிச் சொல்லத்தான் உள்ளே போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.