ஷிப்ட் என்றொரு சொல்

லீட்ஸ் நகர மருத்துவமனை ஒன்றில் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரம். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த வயசாளி, "ஷிப்ட், லவ்" என்றார். "செகண்ட் ஷிப்ட்தான், ஒன்பது மணிவரை இருப்பேன்" என்று நானும் பணிவாகச் சொன்னேன். அவர் கையை வீசி வீசிக் காட்டிய பிறகுதான், டெலிவிஷனை மறைத்துக்கொண்டு நிற்கிறேன், நகரச் சொல்கிறார் என்று விளங்கியது. நெய்வேலிக்காரிக்கு ஷிப்ட் என்றால் வேலை. வேறு அர்த்தம் இருக்குமென்று தோன்றவேயில்லை.

இதே சொல்லில் என் அப்பாவும் ஒருமுறை ஏமாந்திருக்கிறார். நிலக்கரிக்காகத் திறந்தவெளிச் சுரங்கம் தோண்டத் தொடங்கிய காலம். அதற்காக எடுத்த நிலத்துக்குள் எங்கள் ஊரும் வந்துவிட்டது, எப்போது கிளம்புவது என்றுதான் தெரியாது. அப்பா கூலிக்கு ஏர் ஓட்டுபவர். ஒருநாள் ஜீப்பில் வந்த ஒருவர் எங்கள் தெருக்காரர்களின் பெயர்களைப் படித்து, "திங்கக்கிழமை ஷிப்ட், ரெடியா இருங்க" என்று சொல்லிப் போனார். பக்கத்து ஊர்களில் சிலர் ஏற்கெனவே ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எனக்கும் வேல குடுத்துட்டாங்கமே!" என்றார் அம்மாவிடம்.

திங்கள் விடியுமுன் கூழ்த்தூக்கோடு அவரும் தெருவில் நாலு பேரும் சுரங்க வாசலுக்குப் போனார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் தெருவுக்கு லாரி வந்தது.

"வூட்ல ஆம்பள இல்லியா?" என்றார் டிரைவர்.

"ஷிப்டுக்குப் போயிருக்காருங்க" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாக.

"அம்மா, வூட்ட மாத்துறதுதான் ஷிப்ட்டு. சாமான ஏத்து."

அம்மா ஆட்டுக்கல்லைத் தனியே உருட்டினாள். கூரையில் ஏறி மூங்கிலையும் அவளே பிரித்துப் போட்டாள். பொழுது சாய, விசாரித்து விசாரித்துப் புது இடத்துக்கு வந்து சேர்ந்தார் அப்பா.

"என்னா வேல குடுத்தாங்க?"

"நின்னுகினு இருந்தன்" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பிறகு நிஜமாகவே அவருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது.

லீட்ஸ் ஆஸ்பத்திரியின் வாசிப்பு அறையில் தடித்த அகராதி ஒன்று இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதைப் புரட்டினேன். நகர்வது, உடை மாற்றுவது, முறை மாற்றி வேலை செய்வது எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆதியில் அந்தச் சொல்லுக்குப் பிரிப்பது, பங்கு போடுவது என்றுதான் பொருளாம். அதன்மேல் விரலை வைத்தேன். சுரங்க வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து ஒரு மாலை, உடம்பெல்லாம் மண்ணோடு வந்த அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது.

"மேல கரையில நிக்கிற வேப்பமரத்த அடையாளமா வச்சிப் பாத்தன். இன்னிக்கி நம்ம வூட்டுக்கு நேரா அடியில நின்னுதாம்மே வேல பாத்தன்."

சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"மேல என்னா இருந்துச்சி?"

"ஒன்னுமில்ல" என்றார் அப்பா. "வானம்தான்."