மார்விஸ் வீட்டு முன்புல்

ஆர்லோ டைட்ஜன் புல் வெட்டுகிறவர். அமெரிக்காவின் அயோவாவில், எங்கள் ஊரில், பாதி வீட்டு வாசல் அவர் கைபட்டதுதான். கைகுலுக்கினால் போதும், அதுதான் அவருக்கு ஒப்பந்தம். போன கோடையில் ஒருத்தி, வேலிச்செடியையும் அவரே கத்தரிப்பார் என்று நினைத்துக்கொண்டு, செய்யவில்லையென்று ஊரெல்லாம் குறை சொல்லித் திரிந்தாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? மாட்டாளே! எங்கள் ஊர்க்காரர்கள் லட்சணம் அது. நேரில் பார்த்தால் "ரொம்ப நல்லாருக்கு" என்போம், உள்ளுக்குள் புழுங்குவோம்.

அதனால்தான் அவர் மனைவி கோரின் பிடிவாதமாக நின்றாள். "யாருக்கு என்ன வேணும்னு உனக்குத் தெரியல. நீ என்ன செய்வேன்னு அவங்களுக்குத் தெரியல. ஒரே ஒரு பக்கம் எழுது ஆர்லோ, செத்தா போயிடுவே?"

எழுதினார்கள். எந்தப் பகுதி, எந்தக் கிழமை, புல் எவ்வளவு உயரம். மழை பெய்தால் மறுநாள். வேலிச்செடியும் நாய் அசிங்கமும் அவர் பொறுப்பில்லை. நிறுத்த நினைத்தால் யாரும் முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்தலாம். அடியில் கோரின் தானாக ஒரு வரி சேர்த்தாள்: 'வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?'

"வேலியில போற ஓணானை எடுத்து..." என்று முனகினார் ஆர்லோ. ஆனாலும் வீடுவீடாகக் கொண்டுபோனார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மார்விஸ் ஸ்கோக்லண்ட் மட்டும், "வச்சிட்டுப் போங்க, படிச்சுப் பாக்கறேன்" என்றாள்.

ஆர்லோ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார். மார்விஸ் வீட்டு முன்புல் தேவாலயத்துக்கு நேரெதிரே. அதில் இயந்திரத்தை ஓட்டியே அவர் போடும் சாய்வுக் கோடுகளைப் பார்த்துத்தான் பாதிப் பேர் அவரைக் கூப்பிட்டார்கள். அது கைவிட்டுப் போனால் பெயரே போய்விடும். சில வருஷம் முன்பு அவள் கணவர் அடக்கத்தன்று ஊரே சாப்பாடு கொண்டுபோனது. ஆர்லோ புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். அன்றிலிருந்து வாராவாரம் அவர்தான்.

மறுவாரம் போனார். காபி வேண்டுமா என்றாள். இரண்டுமுறை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம்முறை வாங்கிக்கொண்டார். தாள் மேஜையில் இருந்தது. கையெழுத்து இல்லை.

"கோடு பிடிக்கலையா மார்விஸ்?"

"ஐயோ, அதெல்லாம் அருமையா இருக்கு."

"அப்புறம் என்ன? வேற யாராவது வராங்களா?"

அவள் கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரையே போடவில்லை. "முன்பக்கத்தை நானே வெட்டணும் ஆர்லோ. அவரு இருந்தப்ப எப்பவும் நான்தானே வெட்டுவேன். அவரு வாசப்படியில உக்காந்து கிண்டல் பண்ணுவாரு. அடக்கம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, நீங்க வெட்டி முடிச்சிருந்தீங்க. நல்ல மனசோட செஞ்சீங்க. எப்படி வேணாம்னு சொல்றது?"

"இத்தனை வருஷமாவா?"

"மாத்தணுமான்னு இப்பத்தானே கேட்டிருக்கீங்க."

ஆர்லோவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வலித்தது, நிஜமாகவே வலித்தது. பிறகு பேனாவை எடுத்து 'முன்பக்கம்' என்பதை அடித்தார். பின்பக்கச் சரிவு மட்டும் அவருக்கு. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டு வெளியே வந்தவர்கள் எதிரே மார்விஸ் வீட்டைப் பார்த்துவிட்டு நின்றார்கள். அங்கங்கே குடுமி குடுமியாகப் புல்; கோடா, கிறுக்கலா தெரியவில்லை.

"என்ன ஆர்லோ, கண்ணாடி மாத்தணுமா? இல்ல ராத்திரி கொஞ்சம் ஏத்திக்கிட்டியா?" என்று ஒருத்தர் சிரித்தார்.

 ஆர்லோ தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"அவரைச் சொல்லாதீங்க!" பின்னாலிருந்து மார்விஸ் கத்தினாள். எங்கள் ஊரில் அவ்வளவு சத்தமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "அது நான் வெட்டினது!"