ஒரு கொலை குறைந்த மாதம்

கார்பன் பேப்பரின் நீலம் விரலை விட்டுப் போகவே போகாது. சாப்பிட உட்கார்ந்தால் சாதத்திலும் அந்த வாசனைதான்...

ஐம்பதுகளில் செங்கல்பட்டு போலீஸ் ஆபீஸ் ஒன்றில் நான் டைப்பிஸ்ட்.

மதுவிலக்குக் காலம். குடித்தாலே கேஸ். மதுவிலக்கால் கொலைகள் குறைந்தனவா என்று மெட்ராஸிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மாதாமாதம் ஸ்டேட்மென்ட் அடிப்பேன். கொலை என்று கேஸ் பதிவானாலே கணக்கில் ஏறிவிடும். ஏறினால் எங்கள் ஹெட் கிளார்க் முகம் தொங்கிப்போகும்.

அந்தச் சமயம் மகாபலிபுரம் பக்கம் ஒரு சவுக்குத்தோப்பில் சண்டை. மீனவர் கன்னியப்பனும் அவர் மனைவி அஞ்சலையின் அண்ணனும் திருட்டுச் சாராயம் குடித்துவிட்டு அடித்துக்கொண்டார்கள். மறுநாள் ரத்தம் படிந்த சட்டை மட்டும் கிடைத்தது, கன்னியப்பனைக் காணோம். கொன்று கடலில் போட்டுவிட்டான் என்று அண்ணனைப் பிடித்து ஜெயிலில் வைத்தார்கள். தூக்குதான் என்று ஆபீஸே பேசியது.

அஞ்சலை அடிக்கடி பஸ் ஏறி வருவாள்.

"எதுனா சேதி வந்துதா யம்மா? பொணத்தையே பாக்காம தாலிய எப்டி அறுக்கறது? எங்கண்ணன் அடிச்சிருப்பான்... கொன்னுருக்க மாட்டான்."

தண்ணீர் கொடுப்பேன். வேறென்ன செய்வது? அவள் போனபிறகு எனக்கு வேலையே ஓடாது.

ஒரு மத்தியானம் அவள் பின்னாலேயே ஒரு ஆள் தயங்கித் தயங்கி வந்தார்.

"இதான் யம்மா எங்க வூட்டுக்காரரு!"

ஆபீஸே எழுந்து நின்றது. கன்னியப்பன் கைகட்டிக்கொண்டு சொன்னார்: "யாரோ போலீஸ்னு கத்துனாங்க சார். சட்டையெல்லாம் சாராயம் கொட்டி ஒரே நாத்தம். மோந்து பாத்தே புடிச்சிடுவாங்கன்னு கயட்டிப் போட்டுட்டு ஓடிட்டேன். அச்சரப்பாக்கத்துல அத்த வூட்ல இருந்துக்கினேன். மச்சான தூக்குல போடப்போறாங்கன்னு இப்பதான் தெரிஞ்சிது."

ரத்தம் அவர் மூக்கிலிருந்து வந்ததாம்! அஞ்சலை எல்லோர் முன்னாலும் அவர் முதுகில் நாலு சாத்து சாத்தி, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், சிரித்துக்கொண்டே.

ஹெட் கிளார்க்குக்குத் தலைகால் புரியவில்லை. "ஒண்ணு கொறஞ்சிடுச்சும்மா! மதுவிலக்கு நல்லா வேலை செய்யுதுன்னு எழுதலாம்!"

மதுவிலக்குக்குப் பயந்து ஓடியதால்தானே அந்தக் கொலையே கணக்கில் ஏறியது? அதை யார் அவரிடம் சொல்வது... அவர் சொன்னபடியே டைப் அடித்தேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

இப்போது டிவியில் கலர் கலராகக் கோடு போட்டு, யார் ஆட்சியில் கொலை குறைந்தது என்று சண்டை போடுகிறார்கள். போடட்டும், குறைந்தால் நல்லதுதான்.

அண்ணனை விடுதலை செய்த அன்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அஞ்சலை இருவருக்கும் நடுவில், இருவரையும் திட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தாள்.

எங்கள் கணக்கில் ஒன்றுதான் குறைந்தது. அவளுக்கு இரண்டு பேர் திரும்பக் கிடைத்தார்கள்.