சொட்டு விடாத குழாயில் விழுந்த கோடு

எம்.எஸ்சி. கடைசி வருடம், போத்தனூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. நானும் அன்னூர்க்காரன் ஒருவனும் ஒரே ப்ராஜெக்ட். எங்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து இரண்டு குழாய்களில் போடுவோம். ஒன்றில் பாக்டீரியாவின் தோலிலிருந்து எடுத்த பொருள் ஒரு சொட்டு. மற்றதில் ஒன்றும் கிடையாது. சொட்டு பட்டதும் வெள்ளணுவுக்குள் சும்மா கிடந்த மரபணு விழித்துக்கொண்டு, காய்ச்சலையும் வீக்கத்தையும் கிளப்பும் புரதத்துக்கு ஆர்டர் போடும். வெறி மிஞ்சினால் ஆளையே சாய்த்துவிடும் புரதம் அது. ஆர்டர் போயிருந்தால், சோதனை முடிவைக் காட்டும் ஜெல் தகட்டில் ஒரு கோடு ஒளிரும். சொட்டு விடாத குழாய்க்குக் கோடு வரக் கூடாது.

மறுபடியும் வந்தது. இரண்டிலும் பளீரென்று. மிச்சமிருந்த ரசாயனம் இன்னும் ஒரு தடவைக்குத்தான் காணும். அதுவும் சொதப்பினால் ஒரு வருடம் காலி.

அவன் சட்டையைப் பிடித்தேன். “ஏண்டா, ரெண்டுலயும் ஊத்திப்போட்டியா?”

“ஊத்துனது நீ. நாங் கழுவுனதோட சரி.”

“கழுவத் தெரியாத நாயி!”

நெற்றியால் என் மூக்கில் முட்டினான். நான் ஸ்டூலை வீசினேன். அவன் கீழுதடு கிழிந்தது; மேசையிலிருந்த பீக்கர்கள் நொறுங்கின. கண்ணாடிச் சில்லுகள் மேல் கட்டிப் புரண்டோம். என் கண் மேல் அவன் குத்து இறங்கியபோது வாசலில் எங்கள் ப்ராஜெக்ட் மேடம்.

“அடிச்சு முடிச்சாச்சுங்களா? இல்ல, நா வெளிய நிக்கட்டுமா?”

எழுந்தோம். மேடம் அவனிடம் கேட்டார். “ட்யூப்பக் கடைசியா எந்தத் தண்ணில அலசுன கண்ணு?”

“சிறுவாணித் தண்ணிலதானுங்க. நல்லாக் கொதிக்க வெச்சுப்போட்டுத்தானுங்க.”

“டிஸ்டில்டு வாட்டர் கேன் கேனா இருக்குதே?”

“அது போர்வெல் தண்ணில வடிச்சதுங்க மேடம். உப்புத்தண்ணிய வடிச்சாச் சிறுவாணி ஆயிருமுங்களா?”

சிறுவாணி ஆற்றுத் தண்ணீரை அமிர்தமாக நினைக்கும் கோயம்புத்தூரில் இதற்கு எதிர்ப்பேச்சுப் பேச யாருக்கும் வாய் வராது. மேடம் ஒரு குழாயை எடுத்து அவன் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

“கொதிச்சா பாக்டீரியா சாகும். அதோட தோலு அப்படியே கெடக்கும். உசுரோட இருக்குதா, செத்துப்போச்சான்னு வெள்ளணு பாக்காது. தோலு பட்டாப் போதும், சண்டைக்குக் கெளம்பிரும்.”

இனி குழாய்களை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, அந்தத் தோலும் கருகும்படி ஓவனில் கடும் சூட்டில் சுட வேண்டும். “நாளைக்கு எம் ரத்தத்த எடுத்துக்கலாமுங்க” என்றேன்.

“மூஞ்சியக் கண்ணாடில பாத்தியா? உங்க ரெண்டு பேரு ரத்தத்துலயும் இப்பக் கலவரம். சொட்டே விடாமக் கோடு உழுகும்.”

மறுநாள் அவன் உதட்டில் தையலோடு வந்தான். சுட்ட குழாய்கள் ஆறியதும் மேடமே கையை நீட்டினார். “எடுத்துத் தொலைங்க.”

அந்த ஜெல்லில் சொட்டு விட்ட பக்கம் பளீரென்று கோடு; விடாத பக்கம் கும்மிருட்டு.

“சிறுவாணிக்கு ஒரு கும்பிடு போடுறா” என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் உதட்டுத் தையல் பிரிந்து, சட்டையெல்லாம் ரத்தம்.